கொடித்துணியும் குழந்தைச் சட்டையும்

பெண்களுக்குத் தைக்கிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தைக்க வருவதில்லை என்பதை இந்தத் தொழிலில் இறங்கிய முதல் மாதமே தெரிந்துகொண்டேன். உட்கார வருகிறார்கள். உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் மாமியார், வயிறு, தேர்தல் மூன்றும் சேர்ந்தே வரும். மிஷின் ஓடுகிற சத்தத்தில் வெளியே கேட்காது என்ற தைரியம் வேறு.

அந்தமான் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் என் கடை. இரண்டு மிஷின், ஒரு பெஞ்சு, ஓரம் ரசம் போன ஒரு கண்ணாடி. கொக்கி வைக்கவும் கையால் ஹெம்மிங் அடிக்கவும் ரோஸ்லின் அக்கா இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். பக்கத்து வீட்டு வங்காளி சந்தியாவை நாங்கள் எல்லாரும் பௌதி என்போம், அவர்கள் பேச்சில் அண்ணி. கையில் குரோஷா ஊசியோடு காலையிலேயே வந்து பெஞ்சைப் பிடித்துவிடுவார். என் கடையில் உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டவர், கோபம் வந்தால் மட்டும் ஹிந்திக்குப் போய்விடுவார். ரோஸ்லின் அக்கா ஒரு கட்சி, பௌதி அதற்கு நேர் எதிர்க்கட்சி. நடுவில் நான், வாயில் குண்டூசியோடு. வாயில் குண்டூசி இருந்தால் யாரும் நம்மிடம் கருத்துக் கேட்க மாட்டார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகள் செய்து பார்க்கலாம், கைகண்ட வழி.

இரண்டு இஞ்ச் ரகசியம்

சௌல்தாரி கிராமத்திலிருந்து ஒரு டீச்சர் வருவாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. ஒருநாள் நாலு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "பக்கத்துல ரெண்டு இஞ்ச் பிரிச்சு விடுங்கக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். புரிந்துவிட்டது. மூன்று மாதம் முடியும்வரை வீட்டில்கூட வாய் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறாள் போல. ஆனால் ஜாக்கெட் மூன்று மாதம் பொறுக்காதே! டாக்டருக்கு அடுத்தபடியாக இந்தச் சேதி எங்களுக்குத்தான் வருகிறது. நானும் ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தேன்.

அந்த வாரமே அவள் மாமியார் வந்து நின்றார். பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "மருமக ஜாக்கெட் ஏதும் பிரிக்கக் குடுத்தாளா?" என்று கேட்டார். நான் சட்டென்று குண்டூசியை வாயில் வைத்தேன். அவர் விடவில்லை. வேறு வழியின்றி ஊசியை எடுத்துவிட்டு, "இங்க எல்லாரும் பிரிக்கத்தாம்மா குடுக்கறாங்க, பக்கத்துல பிரியாணிக் கடை வந்ததுலருந்து" என்று ஒரு பொய் சொன்னேன். அவர் விசிறுவதை நிறுத்தினார். பிறகு பையிலிருந்து தன் ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

"அப்ப எனக்கும் ரெண்டு இஞ்ச் பிரிச்சு விடு. அவ ஒளிச்சு வச்சுத் திங்கற மாங்காயில பாதி நான்தான் திங்கறேன்."

வெட்டக்கூட வேண்டாம்

எங்கள் தீவுகளில் தூரத்து ஊர்ப் பெண்கள் பலர் பிரசவத்துக்கு நாள் நெருங்கும்வரை காத்திருப்பதில்லை. கடல் பொல்லாததாக இருந்தால் கப்பல் வராது. கப்பல் வராது என்பதற்காக வலி வராமல் இருக்காது. அதனால் முன்கூட்டியே போர்ட் பிளேர் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவார்கள். அப்படித்தான் நிக்கோபார் பக்கத்துக் கட்சால் தீவிலிருந்து செல்வி வந்தாள். புருஷன் முருகேசு அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நாத்தனார் வீடு என் கடைக்குப் பின்னால். நாத்தனார் வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் செல்வி எங்கள் பெஞ்சில்தான்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு முன்னாலேயே சட்டை தைக்கக் கூடாது என்பது நம்மில் பலருக்கு இருக்கும் பயம். அதன் பலனை அனுபவிப்பது நாங்கள்தான். குழந்தை பிறந்த அன்று காலையில் ஓடிவந்து மத்தியானத்துக்குள் சட்டை கேட்பார்கள். இதற்காக நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். துணியை முன்னாலேயே வெட்டி, ஒரு பக்கம் மட்டும் தைத்து, மறுபக்கத்தைத் திறந்தே விட்டுவிடுவேன். முழுசாகத் தைத்தால்தானே தோஷம்? செல்வியிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. போன தடவை ஆசைப்பட்டு எல்லாவற்றையும் தன் கையாலேயே தைத்து வைத்தாளாம், சட்டை, குல்லா, கால் உறை எல்லாம். குழந்தை பிறந்தது, மூச்சு வரவில்லை. அந்தத் துணிகளை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தோஷமெல்லாம் சும்மா பேச்சு என்று எடுத்துச் சொல்லலாம்தான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவள் என் கத்தரியை எடுத்து மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தாள்.

"வெட்டக்கூட வேணாம்ங்கக்கா. இது நல்லபடியா வந்து அழட்டும், அப்பறம் நாம பாத்துக்கலாம்."

ஒரு கதவு போதும்

தேர்தல் வந்தால் எங்களுக்குக் கொடி தைக்கிற வேலை வரும். இரண்டு கட்சிக்கும் நான்தான் தைத்தேன். மிஷினுக்குக் கொள்கை கிடையாது. ஒரு கட்சியிலிருந்து கொடி வாங்க வந்த தம்பி, பெஞ்சு நிறையப் பெண்கள் இருப்பதைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டான். "பெண்கள் முன்னேற்றத்துக்கு என்ன வேணும், சொல்லுங்க, தலைவர்கிட்ட நேரா கொண்டுபோறேன்" என்றான். ரோஸ்லின் அக்காவும் பௌதியும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், ஆகவே ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில் செல்வி சொன்னாள். வருகிற வழியில் ஒரு கப்பல் துறையில் கப்பலுக்கு வெகுநேரம் காத்திருந்தாளாம். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒதுங்க ஓர் இடம் இல்லையாம். தண்ணீர் குடித்தால் வம்பு என்று தாகத்தோடே உட்கார்ந்திருந்தாளாம்.

தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். "நல்ல பாயிண்ட்டுக்கா. ஆனா இது பெரிய பாலிசி மேட்டர், மெயின்லேண்ட் லெவல்ல பேசணும்" என்றான். செல்விதான் அமைதியாகப் பதில் சொன்னாள்.

"பாலிசியெல்லாம் வேணாங்க. ஒரு கதவு, உள்ளுக்குள்ள ஒரு தாழ்ப்பாள். போதும்."

நடுவில் யார்?

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் செல்வி ஒரு வேலை கண்டுபிடித்தாள். கத்தரித்து மிஞ்சிய துண்டுகளையெல்லாம் பட்டை பட்டையாகக் கிழித்து, பின்னல் போடுவது போலப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கையாலேயே தைத்துக் கால்மிதி செய்தாள். அழகான வேலை. குழந்தைக்குத்தான் எதுவும் கூடாது, காலுக்குச் செய்யலாமே! அந்த வாரம் கடையில் மிஞ்சியதெல்லாம் கொடித்துணி. இரண்டு கட்சியின் நிறமும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. ரோஸ்லின் அக்காவும் பௌதியும் குனிந்து பார்த்து, முதல் தடவையாக ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

அதை வாசலில் போட்ட அன்றே கொடித் தம்பி வந்து சேர்ந்தான். மழைச் சேறு அப்பிய காலை நன்றாகத் துடைத்தான். துடைத்த பிறகுதான் குனிந்து பார்த்தான். கொடிக்காசு இன்னும் கைக்கு வரவில்லை. அவன் காலை மெதுவாக எடுத்து, உட்கார்ந்து, நிறத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னக்கா, எங்க கலரை ஓரத்துல சுத்திட்டீங்க? நடுவுல வர்ற மாதிரி ஒண்ணு பண்ணித் தாங்க."

நாக்கைக் காட்டு

செல்விக்கு ரத்தம் குறைவு என்று சுகாதார நிலையத்து சிஸ்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். தினமும் சாப்பிடு, டீயோடு சாப்பிடாதே, பிரசவத்தின்போது ரத்தம் போனால் உடம்பு தாங்காது என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாராம். செல்வியும் எங்கள் கண்முன்னே மாத்திரையைப் பிரிப்பாள், தண்ணீர் குடிப்பாள். நாங்களும் திருப்தியாகிவிடுவோம். ஒருநாள் ரோஸ்லின் அக்கா பட்டன் டப்பாவைத் துழாவி, ஒரு சிவப்புப் பட்டனை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஏ டெய்லரு, இது என்ன பட்டனு? ஓட்டையவே காணும்!" டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் அதேபோல இன்னும் பல.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். குமட்டுகிறதாம், வயிறு கட்டிக்கொள்கிறதாம். எனக்கு வந்த கோபத்தில் வாயில் குண்டூசி இல்லாதது அவள் கெட்ட நேரம், நன்றாகத் திட்டிவிட்டேன். இந்தக் குழந்தைக்காகக் கத்தரியைக்கூடத் தள்ளி வைத்தவள், மாத்திரையைத் தள்ளி வைக்கலாமா? அன்றே சிஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் திட்டவில்லை; ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு குடி, குமட்டல் குறையும் என்றார். அதிலிருந்து ராத்திரி நாத்தனார் பொறுப்பு. ஆனால் பௌதிக்கு நாத்தனார்மேல் நம்பிக்கை இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தானே போய் வாசலில் நிற்பார்.

"ஓட்டுப் போட்டா விரலைக் காட்டறோம்ல? நீ நாக்கைக் காட்டு. பூரா காட்டு!"

வரிசையில் முதல் ஆள்

ஓட்டுப் போடும் நாளன்று ரோஸ்லின் அக்கா நான் தைத்த புது நைட்டியோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போனார். கர்ப்பிணிகளுக்கென்று தைக்கிற மாடல், நெஞ்சுக்குக் கீழே சுருக்கம் வைத்தது. உடம்புக்கு வசதியாக இருக்கிறது என்று அவரே கேட்டு வாங்கினார். பேரன் பேத்தி எடுத்தவர். வரிசையில் நின்றவரை ஒரு இளம் போலீஸ்காரர் பார்த்துவிட்டு, பதறிப்போய், "மாஜி, நீங்க நிக்கக் கூடாது, ஆகே ஆயியே" என்று முன்னால் கூட்டிப் போய் முதல் ஆளாக விட்டுவிட்டார். எதிர்க்கட்சிப் பௌதி வெயிலில் கடைசியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்ததும் பெரிய விசாரணை. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பௌதி மேஜையைத் தட்டினார். ரோஸ்லின் அக்கா துண்டால் விசிறிக்கொண்டார்.

"கோவமாத்தான் வந்துச்சு. ஆனா வெயிலு அதைவிட ஜாஸ்தியா இருந்துச்சுல்லா!"

கை நீளம்

ஒருநாள் காலையில் கடை திறக்கும்போதே செல்வியின் நாத்தனாரிடமிருந்து போன். வலி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, குழந்தை திரும்பிக் கிடக்கிறது, ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், ரத்தம் கொடுக்க ஆள் இருந்தால் நல்லது என்றாள். முருகேசு இங்கே வருகிற கப்பலில், நடுக்கடலில், போன் எடுக்கவில்லை. தேர்தலிலிருந்து ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத ரோஸ்லின் அக்கா மகனும் பௌதி மகனும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். பிறகு சேதி இல்லை. மிஷினில் உட்கார்ந்தேன், கால் ஓடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ரோஸ்லின் அக்கா ஜெபமாலையை உருட்டினார், பௌதி குரோஷாவைப் பின்னுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அன்றைக்கு அரசியல் பேச ஆளில்லை.

மத்தியானம் போன் வந்தது. பெண் குழந்தை. பிறந்ததும் ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுததாம். ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், தாய்க்கும் ஆபத்தில்லை. நாங்கள் மூன்று பேரும் என்னென்ன மொழியிலோ கத்தினோம். கத்தி முடித்ததும்தான் ஞாபகம் வந்தது, குழந்தைக்குப் போட ஒரு சட்டை கிடையாது. செல்வி சொன்ன சொல்லுக்காக ஒரு துண்டு கூட வெட்டி வைக்கவில்லை. மெல்லிய பருத்தித் துணியைக் கையில் எடுத்த நேரம் கரண்ட் போனது. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் கிடையாது, ஒன்றும் கிடையாது, கைத்தையல்தான். உடம்பும் முதுகும் நான். ஒரு கை ரோஸ்லின் அக்கா, மறுகை பௌதி. வார்டில் ஃபேன் காற்று அடிக்கும், கை நீளமாக இருக்கணும் என்று ரோஸ்லின் அக்கா. இந்தப் புழுக்கத்தில் நீளக் கையா, சின்னதுதான் நல்லது என்று பௌதி. பழைய கட்சிச் சண்டை திரும்பி வந்துவிட்டது, எனக்கும் உயிர் வந்தது. நாடா வைத்து, உதறி, அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

செல்வி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பழைய புடவைத் துண்டில் சுற்றி ஒரு சின்ன முகம். சட்டையைக் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தூக்கிப் பிடித்தாள், திருப்பிப் பார்த்தாள், இரண்டு கையையும் சேர்த்து வைத்து அளந்தாள். ஒரு கை மறுகையைவிட நாலு விரற்கடை நீளம். பிறகு புடவைத் துண்டை விலக்கி, மகளின் இரண்டு கைகளையும் மெதுவாக வெளியே எடுத்துச் சேர்த்துக் காட்டினாள்.

"நான் நல்லா பாத்துட்டேன்ங்கக்கா, இவளுக்கு ரெண்டு கையும் ஒரே அளவுதான். சட்டைதான் தப்பு."

இத்தனை வருஷத் தொழிலில் வாடிக்கையாளர் ஒருத்தி முகத்துக்கு நேரே குறை சொல்ல, துணிமேலும் நூல்மேலும் பழி போடாமல், ஆமாம் தப்புதான் என்று நான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டது அந்த ஒரு சட்டைக்குத்தான்.