தாசம்மாள் ஆஸ்பத்திரி

தாசம்மாள் பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு வந்து, இன்னொரு பஸ் மாறி, ஒன்பதுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கிவிடுவார். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. பாத்திரத்துக்கு உரியவர் வாய் திறந்து சொல்லாமல் ஒரு துளியைக்கூட அவர் சிங்க்கில் கொட்டியதில்லை. பெயர் எழுதாமல் போட்டுவிட்டுப் போனால், அது குளிர் அறையில் அவருடைய சிவப்புத் தட்டுக்குப் போகும். மாணவர்கள் அதற்கு ‘தாசம்மாள் ஆஸ்பத்திரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

2004இல் ரெம்யா அங்கே ஆராய்ச்சி மாணவி. உடம்பில் இரும்பைச் சேர்த்துவைக்கும் ஒரு புரதம், உள்ளே வெற்றிடமுள்ள பந்துபோல இருக்கும். அதன் உட்சுவரைச் சற்று மாற்றி, இரும்பை வெளியேற்றி, கோபால்ட்டை நிரப்பினால் ஒரே அளவில் நுண்ணிய காந்தத் துகள்கள் கிடைக்கும் என்பது அவள் திட்டம். மூன்று மாதம் உழைத்து எடுத்த புரதம் முழுவதும் ஒரே சவ்வுப் பையில், குளிர் அறையில், இரும்பைக் கரைத்தெடுக்கும் நாற்றத் திரவத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவிடம் காட்ட ஒன்றும் இல்லையென்றால் அவள் ஆராய்ச்சி அதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை பையைக் காணோம்.

“டீ நெறம் போயி பச்சத் தண்ணியாட்டு இருந்துது. லீக்காயிப் போச்சுன்னு பையை வெட்டி, பீக்கர்ல ஊத்திக் கழுவப் போட்டுட்டேன்,” என்றான் புதிதாகச் சேர்ந்திருந்த அனூப்.

“எடா, இரும்பு போனா நெறமும் போகும்! அதுக்குத்தானே நாலு நாளு ஊற வச்சேன்!” ரெம்யா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தாசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “நேத்து சாயங்காலம் வந்த பீக்கரா? அது ஆஸ்பத்திரியில கெடக்கு மக்கா.”

“கொட்டல்லியா அக்கா?” ரெம்யா எழுந்துவிட்டாள்.

“பேரில்லாத சாமானத்த நான் கொட்டுவனா? போராததுக்கு அழுகின முட்ட நாத்தம். பீக்கர் வாய மூடி ஐஸ்ல எறக்கி வச்சிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினேன்.”

புரதம் கெட்டால் கலங்கிவிடும்; பீக்கரில் இருந்தது தெளிவாக இருந்தது. ரெம்யா ஒரு சொட்டு எடுத்துப் பழுப்புச் சாயத்தில் விட்டாள். புரதம் இருந்தால் சாயம் நீலமாகும். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நல்ல நீலம்.

“சேச்சி, நானும் ஒங்க ஆஸ்பத்திரியில படுத்துக்கட்டா?” என்றான் அனூப்.

“ஒனக்கு மருந்தில்ல மோனே. மொதல்ல பேரெழுதப் படி.”

ரெம்யா புரதத்தைப் புதுக் குப்பிக்கு மாற்றி, பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் பீக்கரை நீட்டினாள். அடியில் இரண்டு சொட்டு மிச்சமிருந்தது. தாசம்மாள் வாங்கிக்கொண்டார், குழாயைத் திறக்கவில்லை.

“கொட்டலாமா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லு.”

“கொட்டலாம் அக்கா,” என்றாள் ரெம்யா.

பிறகுதான் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.