தண்ணீர் வரும் நாளின் இரைச்சல்

கம்ப்யூட்டர் இருக்கும் மூலையை என் மனைவி 'ஆபீஸ்' என்றுதான் சொல்வாள். இண்டூருக்கு வெளியே, மூன்று பக்கமும் மரவள்ளிக் கொல்லை சூழ்ந்த வீடு எங்களுடையது. ஜன்னலோரம் ஒரு மேசை, மேலே மானிட்டர், கீழே கம்ப்யூட்டர் பெட்டியான கேபினட், அவ்வளவுதான் அந்த ஆபீஸ். காலையில் தலை வாரி, பொட்டு வைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாலைவரை எழமாட்டாள். வெளியூர் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவளாகத் தேடி, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அது கிடைத்த பிறகுதான் சொந்தக்காரர்கள் நடுவில் அவள் குரலே கொஞ்சம் உயர்ந்தது.

அந்த வேலை போனதற்குக் காரணம் நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். முப்பது மிஷின்களும் என் கைப்பிடியில். எது படுத்துவிட்டாலும் பையன்களிடம் முதலில் ஒரே கேள்விதான் கேட்பேன்: கடைசியாக எதை மாற்றினீர்கள்? பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். லேபில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் ஒரு பெரிய மரியாதை வந்துவிட்டிருந்தது. கோபமும் அதே அளவுக்கு உண்டு. விஷயம் தெரியாதவர்கள் அபிப்பிராயம் சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும்.

தை மாதம் அவள் மிஷின் மந்தமாகிவிட்டது என்று திறந்து பார்த்தேன். உள்ளே செம்மண் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. ஃபேன் இறக்கையெல்லாம் மண். ஜன்னலுக்கு வெளியே வெறும் தரை, காற்றடித்தால் நேராக உள்ளேதான். ஊதிச் சுத்தம் செய்தேன். ரேம் மெமரியின் தங்க நிற விளிம்பை ரப்பரால் தேய்த்துப் பொருத்தினேன். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேகமான எஸ்எஸ்டி போட்டேன். அதோடு நிற்காமல் மேஸ்திரியைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றி சிமெண்ட் தரையும் போட்டுவிட்டேன். ஜன்னலடியில் இருந்த துணி துவைக்கும் கல்லைப் பின்பக்கம் மாற்றினோம். கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் சொதசொதவென்று ஈரமாக ஒரு குழி இருந்தது. அதை என்ன செய்வது என்று மேஸ்திரி கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன், மூடிவிடுங்கள் என்றேன். மிஷின் பறந்தது. அவளுக்கு என்மேல் அத்தனை பெருமை.

ஒரு மாதம் போயிருக்கும். மழை ஒரு சொட்டு இல்லை. ஹெட்செட்டில் 'கொய்ங்' என்று இரைச்சல் கேட்கிறது என்றாள். கேபினட்டில் கால் பட்டால் சுர்ரென்கிறது என்றும் சொன்னாள். செருப்புப் போட்டுக்கொண்டு உட்காரு என்று சொல்லிவிட்டு ஹெட்செட்டை மாற்றினேன். இரைச்சல் போகவில்லை. தனியாக ஒரு சவுண்டு கார்டு வாங்கி யுஎஸ்பியில் செருகினேன். அப்புறம் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கடைசியாக மதர்போர்டையே மாற்றினேன். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, கல்லூரி விட்டு வந்த சாயங்கால வேளையில் ஹெட்செட்டை மாட்டிப் பாட்டுப் போட்டுக் கேட்பேன். சுத்தமாக இருக்கும். மறுநாள் பகலில் அவள் போன் செய்வாள், மறுபடியும் இரைச்சல் என்று. ஞாயிறு அவளுக்கும் லீவு, மிஷினைத் தொடமாட்டோம்.

இதற்கிடையில் அவள் கம்பெனியில் இருந்து வாராவாரம் வரும் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போனது. மருந்தின் பெயரைத் தப்பாக அடிக்கிறாள், அளவைத் தப்பாக அடிக்கிறாள் என்று மெயில் வந்தது. இதெல்லாம் நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, அடுத்த தடவை பொறுக்கமாட்டோம் என்று ஒரு மேலாளர் எழுதியிருந்தார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே வந்து நின்றாள். "ஏங்க, ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னைக்குதாங்க ஜாஸ்தியா இரையுது. நான் பாத்துட்டேங்க."

எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் பகலில் ஏதோ ஒரு நேரத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். தரைத் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மேலே டேங்குக்கு ஏற்ற வேண்டும். அவள் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். கம்ப்யூட்டருக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம், நாளைக்கு அமாவாசைக்கு இரையுது, பௌர்ணமிக்கு இரையுதுன்னு சொல்லுவியா என்று கேட்டேன். அவள் விடவில்லை, இன்னொரு தடவை சொன்னாள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"மிஷின்ல இனி மாத்த ஒண்ணும் மிச்சமில்ல. இரைச்சல் உன் காதுல இருக்குது."

கோபத்தில் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு எனக்கே அது சரியான கண்டுபிடிப்பாகத் தோன்றிவிட்டது. பாகமெல்லாம் மாற்றியாயிற்று, நான் கேட்டால் கேட்கவில்லை, அவள் கேட்டால் கேட்கிறது. பாக்கி இருப்பது அவள் காதுதானே? நாள் முழுக்க ஹெட்செட் மாட்டினால் காது கெடும் என்று நிதானமாக விளக்கம்கூடச் சொன்னேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பி வந்தவள். அதையும் நம்பினாள்.

அதற்குப் பிறகு அவள் இரைச்சலைப் பற்றிப் பேசவேயில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தாள். நான் ஏதாவது சொன்னால் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, என்ன என்று கேட்பாள். தன் அம்மாவிடம் போனில், தனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவள் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டேன். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதற்கு, பார்த்துக்கலாங்க என்று தள்ளிப்போட்டாள். பயந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு நாள் அவளாகவே கம்பெனிக்கு எழுதிவிட்டாள், காதில் கோளாறு, இனி இந்த வேலை என்னால் முடியாது என்று. இரண்டே நாளில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். ஹெட்செட்டை அதன் டப்பாவிலேயே மடக்கி வைத்து அலமாரியில் ஏற்றினாள்.

மூன்று வாரம் கழிந்தது. எனக்கு லீவு. சும்மா கிடக்கிறதே என்று அந்த மிஷினை லேபுக்கு எடுத்துப்போக நினைத்து, கடைசியாக ஒரு தடவை சோதிக்க ஹெட்செட்டை மாட்டினேன். அவள் விட்டுப்போன பதிவு ஒன்று டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. ஓடவிட்டேன். டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. அந்த நேரம் வெளியே தண்ணீர் வந்து, அவள் மோட்டாரைப் போட்டாள்.

காதுக்குள் 'கொய்ங்' என்று பாய்ந்தது. டாக்டர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. கேபினட்டில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், அது நின்றதும் இரைச்சலும் நின்றது.

ஊருக்குள் இருந்து எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். வயரையெல்லாம் பார்த்தார். மோட்டாரில் லேசாகக் கசிவு இருக்கிறது, அது எர்த் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்க வேண்டும், இறங்க வழியில்லாமல் கம்ப்யூட்டருக்கு வருகிறது என்றார். அப்புறம் வெளியே போய் ஜன்னலடியில் தேடினார்.

"எர்த் குழி எங்கீங்க சார்?"

நான் சிமெண்ட் தரையைக் காட்டினேன்.

அவர் கடப்பாரை கேட்டார். தரையை உடைத்து எடுத்ததும் குழிக்குள் நட்டிருந்த எர்த் பைப்பைச் சுற்றி மண் மாவு மாதிரி காய்ந்து கிடந்தது. துவைக்கிற தண்ணீர் தினமும் இறங்கிக்கொண்டிருந்த இடம். காய்ந்த மண் கரண்டை வாங்காது. கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று ஊருக்கெல்லாம் கேட்டவன் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதைவிடக் கேவலம், மூன்று மாதத்தில் ஒரு பகல், ஒரே ஒரு பகல் லீவு போட்டு அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தோன்றவில்லை. சுர்ரென்ற மிஷினுக்கு முன்னால் செருப்பைப் போட்டு அவளை உட்கார வைத்திருந்தேன். 

குழியில் கரியும் உப்பும் கொட்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். மோட்டார் கசிவையும் சரிசெய்துவிட்டு அவர் போனார். மோட்டாரை ஓடவிட்டு நான் ஒரு தடவை கேட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வேலை நாட்களில் உட்காருவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதிவு முழுவதையும் கேட்டாள். விரல்கள் கீபோர்டில் தாமாக ஓடின. முடிந்ததும் மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்ப எங்காது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே என்னிடம்தான் கேட்டாள், இதையும் நான்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல. நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். 

எழுந்து போய், அலறிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.