நாற்பத்தோரு நிமிட ‘அவர்களே’

பரஞ்சோதிக்கு அறுபத்தொரு வயது. குருண் ஊரில் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் ஃபோர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு சுங்கைப் பட்டாணியில். சனி ஞாயிறுகளில் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களுக்கு மைக் செட் கட்டப் போவார். கல்யாணம், கோவில் திருவிழா, பள்ளிக் கட்டட நிதி விருந்து என்று அந்த வட்டாரத்து மேடைப் பேச்சில் பாதி அவர் காதில் விழுந்ததுதான். விழுந்ததைச் சும்மா விடாமல் கேசட்டில் பிடித்தும் வைத்தார். இருநூற்றுப் பதினான்கு கேசட்டுகள், கட்டிலுக்கு அடியில்.

நம் மேடைகளில் யாரும் நேராகப் பேச்சுக்குப் போய்விடுவதில்லை. தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று தொடங்கி, மேடையில் இருப்பவர், கீழே இருப்பவர், வருவதாகச் சொல்லி வராமல் போனவர் வரை எல்லாரையும் விளித்தாக வேண்டும். ஒருவர் பெயரை விட்டுவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு தேங்காய்கூட வராது.

ஓய்வு பெற்ற புதிதில் பரஞ்சோதி பழைய வரவேற்புரை ஒன்றைப் போட்டுக் கேட்டார். மொத்தம் பதின்மூன்று நிமிடம். அதில் பதினொரு நிமிடம் ‘அவர்களே’. மீதி இரண்டு நிமிடப் பேச்சு அவருக்கு அநாவசியமாகப் பட்டது. சவர பிளேடை எடுத்து அதை வெட்டிக் குப்பையில் போட்டார். அன்றோடு மனிதர் கைமீறிப் போனார்.

ஓர் ‘அவர்களே’ நாடாவில் இரண்டு அங்குலம்கூட வராது. ஜன்னல் அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் நாடாவைப் படுக்கவைத்து, சாய்வாக வெட்டி, முதுகில் ஒட்டுநாடாவை மெல்லிசாக ஒட்டுவார். நேராக வெட்டினால் ஒட்டில் ‘டொக்’ என்று இடிக்கும். சாய்த்து வெட்டினால் செர்டாங் கோவில் தலைவரின் குரல் வழுக்கிக்கொண்டு போய் குருண் செயலாளரின் தொண்டையில் முடியும். இரண்டு வருடம் இப்படியே உட்கார்ந்து, இருநூற்றுப் பதினான்கு கேசட்டிலிருந்தும் அவர்களேக்களைப் பொறுக்கி ஒரே கேசட்டில் சேர்த்தார். நாற்பத்தோரு நிமிடம். விளிப்புக்கு மேல் விளிப்பு, பேச்சு மட்டும் வராது. ஏதோ பெரிய காரியம் நடக்கப் போகிறது என்று நெஞ்சு படபடக்குமே, அந்தப் படபடப்புதான் வேண்டும், காரியம் வேண்டாம் என்பது அவர் கட்சி.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது.

ஆனால் அதைக் கடைசிவரை கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு வசந்தன் ஆறாவது நிமிடத்தில் கெரேத்தாவை ஓட்டிப்போய் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று எழுந்து போனவர், ஒரு வாரம் கண்ணிலேயே படவில்லை. மனைவி சந்திரா மூன்றாவது நிமிடத்தில் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஊரார் போகட்டும், அவள் ஒருத்தி முழுதாகக் கேட்டால் போதும் என்பதே அவருடைய ஏக்கம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

போன வருடம் செர்டாங் பக்கத்துத் தோட்டத்தில் திருவிழா. மைக் செட் பரஞ்சோதி, அன்னதானச் சமையல் சந்திரா. பகல் பதினொன்றரைக்குப் பேச வேண்டிய சிறப்பு விருந்தினர் குருண் அருகே நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் பேசாமல் சோறு போடக்கூடாது. கோவில் செயலாளர் ஹேமநாதன் ஓடி வந்தார்.

“அண்ணே, பாட்டு கீட்டு ஏதாச்சும் போட்டுக் கூட்டத்தப் புடிச்சு வைங்கலா.”

முந்நூறு பேர், கொட்டகையை விட்டு வெளியே போக முடியாத வெயில். பரஞ்சோதி பாட்டு போடவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார்.

முதல் ‘அவர்களே’ வந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆளில்லாத மைக்கைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அவரவர் பெயருக்குக் காத்திருந்தார்கள். பெயர் வந்தவர் எழுந்து கும்பிட்டார். ஹேமநாதனுக்கு ஒரு பழக்கம்: பெயர் காதில் விழுந்தால் கை தானாகப் பொன்னாடையை எடுத்துவிடும். ஓடி ஓடிப் போர்த்தினார். முன்னாள் தலைமையாசிரியர் காளிதாசனை ஒன்பது கேசட்டுகளில் ஒன்பது பேர் விளித்திருந்தார்கள். ஒன்பதும் வந்தது, ஒன்பது பொன்னாடை விழுந்தது. அந்த வெயிலில் அவர் குளிர் காய்ச்சல்காரர் மாதிரி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றையும் கழற்றவில்லை.

“மதிப்பிற்குரிய ராமையா அவர்களே” என்று வந்தது. ராமையா இறந்து பத்தொன்பது வருடம். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. மகன் சிவநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்து அப்பாவுக்காகத் தோளைக் காட்டினார். பொன்னாடை தீர்ந்துபோகவே, காளிதாசனிடமிருந்து நைசாக ஒன்றை உருவி அவருக்குப் போர்த்தினார்கள். பிறகு துண்டு, அதன்பின் மேசை விரிப்பு. பசி வயிற்றைக் கிள்ளியும் ஒருவரும் அசையவில்லை. தன் பெயர் வருவதற்கு முன் எவன் எழுந்து போவான்?

நாற்பத்தோரு நிமிடம் முடிந்தது. பேச்சு வரவே இல்லை என்று யாருக்கும் குறையில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நல்ல பேச்சு என்றார்கள். சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை.

பரஞ்சோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே சமையல் கொட்டகைக்குப் போனார். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே சந்திரா அகப்பையோடு நின்றிருந்தாள். ரசம் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

“முழுசாக் கேட்டியா?”

“கேட்டேன்.”

அவர் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். வந்தது வேறு.

“ஒரு பொம்பள பேருகூட இல்லையே.”

தாய்மார்களே அறுபத்து மூன்று தடவை வருகிறது என்று அவர் கணக்குச் சொன்னார்.

“அது எல்லாருக்கும் உள்ளதுலா. முப்பத்தி மூணு வருசமா ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஆக்கிப் போடறேன். எம்பேர மைக்கில ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்ககூட வீட்ல ‘இங்க பாரு’தான்.”

வெட்டி ஒட்டிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்றார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் அத்தனை நாடாவும் அவருக்கு மனப்பாடம். அதில் எங்கும் அந்தப் பெயர் இல்லை. வெட்டுவதற்கு முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் காதைத் தீட்டி வைத்திருந்தும் இது உறைக்கவில்லையே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

திரும்பிப் போய் மேடையேறினார். மைக்கைக் கட்டுவாரே தவிர, அதன் முன்னால் நின்று பேசியதில்லை.

“மதிப்பிற்குரிய... சந்திரா அவர்களே.”

முந்நூறு தலைகள் சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பின. போர்த்த ஒன்றும் கிடைக்காத ஹேமநாதன் தன் தோள்துண்டை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார். பரஞ்சோதி மேடையிலிருந்து இறங்கி அவளிடம் போனார்.

சந்திரா தோளில் விழுந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள். முகம் சிவந்திருந்தது, அடுப்பினால் மட்டும் அல்ல.

“ரெக்கார்டு பண்ணீங்களா?” என்று கேட்டாள்.

பரஞ்சோதி நாக்கைக் கடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாகப் பொத்தானை அழுத்த மறந்திருந்தார்.

“இல்ல.”

“அப்ப போயி இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றாள். “ரசத்த நான் அதுக்குள்ள சூடு பண்றேன்.”