அப்பா நிறுத்தியதாக நான் எழுதிய மாத்திரை

என் அம்மாவின் மாத்திரைகளை நிறுத்தியவள் நான். என் அப்பா அல்ல!

என் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். மனநோயுள்ள தாயோடு ஒரு பெண் வளர்ந்த கதை அது. அந்தப் பெண் நான்தான். அம்மாவின் நோய் முற்றியதற்குக் காரணம் அப்பாவின் அறியாமை என்று அதில் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறேன். உருக்கமான அத்தியாயம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்... அத்தனையும் பொய்.

ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரே புத்தகம்தான். அதை எழுதத் தூண்டியவை வேறு புத்தகங்கள். மனநோயோடு வாழும் குடும்பங்களைப் பற்றி யார் யாரோ எழுதியவை. நூலகத்தில் நின்றபடியே படித்து அழுதிருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவளுக்கு, இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு என்று சொன்னவை அவைதான். அவற்றை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. இன்றும் அவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் அவற்றிலிருந்து ஒரு கெட்ட பாடமும் கற்றுக்கொண்டேன். அவற்றில் எப்போதும் ஒருவர் தவறு செய்கிறார், இன்னொருவர் தாங்கிக்கொள்கிறார். நான் எழுத உட்கார்ந்தபோது, தாங்கிக்கொண்டவளின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை சௌகரியமான இடம் அது!

நடந்ததைச் சொல்கிறேன்.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள் நாங்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது ஈப்போ பக்கத்து லகாட்டுக்குக் குடிவந்தோம். அப்பா லூமுட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் லோரியை ஓட்டினார். அம்மாவுக்குக் காதில் குரல்கள் கேட்கும். பக்கத்து வீட்டார் தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்பாள். அப்பாதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை வேலை செய்தது. குரல்கள் அடங்கின. அம்மா மறுபடியும் சமைத்தாள், சிரித்தாள், என்னைக் கிண்டல் செய்தாள். கொஞ்சம் உடம்பு போட்டாள், பகலில் தூங்கி வழிந்தாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான்! அதோடு நான் திருப்திப்பட்டிருக்கக் கூடாதா?

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்வார்கள். கடவுள் தனக்குச் செய்த நன்மையை மைக் முன்னால் நின்று எல்லோருக்கும் சொல்வது. ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கும், இன்னொருவருக்குக் கட்டி கரைந்திருக்கும். சபையே கைதட்டும். எங்கள் வீட்டுக்கு அந்த மைக் வந்ததே இல்லை. 'சகோதரி ரோசம்மாளின் சுகத்துக்காக ஜெபிப்போம்' என்று பாஸ்டர் வாராவாரம் அம்மாவின் பெயரைச் சொல்வார். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, யார் எங்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன். எனக்குப் பதினேழு வயது. பிறருடைய பரிதாபத்தில் காலம் தள்ளுவது அலுத்துப்போயிருந்தது.

எனக்கும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அம்மா சுகமாக வேண்டும் என்பதற்காகவா? இல்லை... மைக்குக்காக!

மாத்திரையை விழுங்கிக்கொண்டே சுகமானேன் என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

மாத்திரை கொடுப்பதை அப்பா என்னிடம் விட்டிருந்தார். ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "ஆண்டவர் மேல விசுவாசம் இருந்தா இந்த மாத்திரை எதுக்குமா?"

அம்மா தயங்கினாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருலா."

"அப்பாவ நான் பாத்துக்கிறேன்."

நன்றாகவே பார்த்துக்கொண்டேன்! லோரியை விட்டு இறங்கி வந்ததும் "குடுத்தாச்சாமா?" என்று கேட்பார். "குடுத்துட்டேன்பா" என்பேன். கண்கூடச் சிமிட்டமாட்டேன்.

முதல் சில வாரங்கள் அம்மாவைப் பார்க்கவே அழகாக இருந்தது. தூக்கம் விலகி முகம் பளிச்சென்று ஆனது. அடுப்படியில் பாட்டுச் சத்தம். நான் மைக்கைப் பிடித்தேன். 'என் தாயார் இப்போது எந்த மாத்திரையும் எடுப்பதில்லை, கர்த்தர் சுகமாக்கினார்' என்றேன். அந்தக் கைதட்டல்... அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

கடைசி வரிசையில் அப்பா இருந்தார். வேலை முடிந்து தாமதமாக வந்திருந்தார். மாத்திரை நின்றுபோன விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்து நீட்டினார். அம்மா பின்வாங்கினாள். "அதான் சபையில சாட்சி சொல்லியாச்சே. இனி சாப்ட்டா ஆண்டவரப் பொய்யாக்குன மாதிரிலா."

அப்பா கெஞ்சினார். நானும் பயந்துபோய்க் கெஞ்சினேன். அம்மா அசையவில்லை. அவளை மறுக்க வைத்தது நான் மைக்கில் சொன்ன வார்த்தை. அதை நான் எப்படித் திரும்ப வாங்குவேன்?

குரல்கள் திரும்பி வந்தன. ஒருநாள் மதியம் வெறுங்காலோடு வீட்டை விட்டுப் போனவள், மறுநாள் கோப்பெங் செம்பனைக் காட்டுக்குள் கிடைத்தாள். எங்கள் லயம் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாளாம். பாதமெல்லாம் கிழிந்திருந்தது. அங்கே குலை வெட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் தன் சட்டையைப் போர்த்தி, தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்கார வைத்திருந்தார். பதற்றத்தில் அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

பிறகு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. மாத்திரையை யார் நிறுத்தியது என்று மருத்துவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொல்லிவிட்டார்.

"நான்தான் டாக்டர். பிள்ளையச் சாட்சி சொல்லச் சொன்னதும் நான்தான்."

மருத்துவர் சத்தம் போட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்... வாய் திறக்கவில்லை! சபையிலும் சொந்தபந்தங்களிடமும் அவர் அதையே சொன்னார். அம்மாவின் தம்பி, என் மாமா, அதன்பின் அப்பாவோடு பேசியதே இல்லை. மாத்திரையை நிறுத்தியது முதல் அந்த நாள்கள் எதுவும் அம்மாவுக்கு நினைவில் தங்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர்கள் சொன்னது அப்பாவின் பெயரை.

அம்மா வீடு திரும்பினாள், முழுதாக அல்ல. விரல்கள் நடுங்கின. பாட்டு நின்றுபோனது. அப்பா மாத்திரையை நீட்டினால் கையைத் தட்டிவிட்டாள். "இந்த மனுசன் கையால எனக்கு வேணாம். நீ குடுமா" என்றாள். அன்று முதல் காலையில் பசியாறியதும் என் கையிலிருந்துதான் வாங்கினாள். எனக்குக் கல்யாணமாகி, பெற்றோரை என் வீட்டுக்கே அழைத்து வந்த பிறகும் அப்படித்தான். பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

பேசாமல் இருந்தது ஒரு குற்றம். எழுதியது அதைவிடப் பெரிய குற்றம். அப்பா எனக்காகச் சொன்ன பொய்யை நான் அச்சடித்து விற்றேன்!

தைப்பிங்கிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். "மகனுக்கு மாத்திரைய நிறுத்தலாம்னு இருந்தேன் தங்கச்சி. உங்க அப்பா செஞ்சதப் படிச்சி பயந்துட்டேன். இப்ப அவன் நல்லா இருக்கான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்காவுக்கு நான் எவ்வளவு நன்றியோடு இருக்கிறேன் தெரியுமா? அவர் மகன் பிழைத்தான். ஆனால் அவர் போன பிறகு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அப்பாவிடம் புத்தகத்தைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. அவரே கடையில் வாங்கி வந்து, விரலால் வரி பிடித்து, நாள்கணக்கில் படித்தார். "நல்லா எழுதியிருக்கமா" என்றார். பிறகு இன்னும் சில பிரதிகள் வாங்கி, தன் பழைய லோரிக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தார். காப்பிக் கடையில் ஒருவர் கேட்டதை என் காதாலேயே கேட்டேன்.

"மச்சான், நெசமாவே நீயா இப்படிச் செஞ்ச?"

"செஞ்சேன்லா. எம் பிள்ள பொய்யா எழுதும்?" என்று சொல்லிவிட்டுத் தேத்தாரிக் டீயை உறிஞ்சினார். அவர் முகத்தில் இருந்தது பெருமை. என்னைப் பற்றிய பெருமை!

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. உண்மையை எழுதிவிடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"வேணாம்மா. எம் மேல கோவப்பட்டு அவளுக்குப் பழகிப்போச்சு. உம் மேலயும் நம்பிக்க போயிருச்சுன்னா மாத்திரைய யார் கையால வாங்குவா? மறுபடியும் அந்தச் சுசா, அந்தக் கஷ்டம் நமக்கு வேணாம்லா."

அந்தப் பயம் எனக்கும் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குள் எத்தனை வருடம் ஒளிந்திருந்தேன்! அம்மாவை இப்போது பார்க்கும் மருத்துவரிடம் யோசனை கேட்டேன். இளம்பெண், பொறுமைசாலி. அம்மா நிதானமாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள், ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே அழைத்து வாருங்கள் என்றார். எங்களுக்கு வாய்த்த மருத்துவர்களை நினைத்தால்... அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். சமையலுக்குத் தவுகே முளைப்பயற்றின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அவரு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்காகமா."

அம்மா தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இத்தன வருசமா அவரு கையத் தட்டிவிட்டேனே..." என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் பசியாறியதும் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க அப்பாவக் கூப்புடு" என்றாள்.

அப்பா வந்தார். என் கையிலிருந்து மாத்திரையை எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் தட்டிவிடவில்லை. வாயில் போட்டுக்கொண்டாள். அப்பா குழந்தையைப் போல் அழுதார். என் வாழ்நாளில் நான் பார்த்த ஆகப்பெரிய நன்மை அதுதான். இதைச் சாட்சியாகச் சொல்ல இனி எந்த மைக்கும் எனக்கு வேண்டாம்.

அப்பாவின் கைக்கு நன்றி. அதை ஏற்றுக்கொண்ட அம்மாவின் கைக்கு நன்றி. இதுவரை படித்த உங்களுக்கும்... என்னை மன்னியுங்கள் என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. மன்னிக்க வேண்டியவள் அம்மா, நீங்கள் அல்ல.

இப்போது அப்பாதான் மாத்திரை கொடுக்கிறார். நான் பக்கத்தில் தண்ணீரோடு நிற்கிறேன். அம்மா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய், வேறு தம்ளர் எடுத்து, தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறாள்.