காகிதத் தொட்டியில் பல்செட்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குப்பை டீச்சர். அதைக் கேட்டு அவருடைய கணவர்தான் முகம் சுளித்தார்; டீச்சருக்குச் சிரிப்புதான் வந்தது. காகிதத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு, சாப்பாட்டு மிச்சத்துக்கு என்று பள்ளி வராந்தாவில் அவர் தனித்தனித் தொட்டிகள் வைத்தபோது, "குப்பைக்கு இவ்வளவு உபசாரமா?" என்று தலைமையாசிரியை கேலி செய்தார்.

ஒருநாள் மதியம் ஈறு வலிக்கிறதென்று தலைமையாசிரியை பல்செட்டைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்தார். மேசையைத் துடைத்த ஆயா, கசங்கிய காகிதம்தானே என்று அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். பெற்றோர் கூட்டம் தொடங்கும் நேரம். தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு டீச்சரிடம் ஓடிவந்தார்.

விஷயத்தைக் கேட்ட டீச்சர், "பதறாதீங்க மேடம், ஆயா பேப்பர் தொட்டியிலதான் போட்டிருப்பாங்க" என்றார்.

தொட்டியைக் கவிழ்த்ததும் பிள்ளைகள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

"டீச்சர், பல்லு சிரிக்குது!" என்று ஒரு சிறுமி கத்தினாள். எச்சில் சாப்பாடு எதுவும் படாமல் பல்செட் பத்திரமாக இருந்தது.

அதைக் கழுவி மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போன தலைமையாசிரியை, குப்பையைப் பிரிப்பதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். மதிப்பெண் கேட்க வந்த பெற்றோர் திருதிருவென்று விழித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.