தேக்குக்கு ஊற்றிய கடல்

மச்சாளிடம் இருப்பது என்னிடம் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அவளுக்கும் ஒன்பதுதான். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவளுடைய அப்பா, என் அம்மாவின் தம்பி. எதையும் மாமாதான் முதலில் வாங்குவார். நாங்கள் ஆறு மாதம் கழித்து வாங்குவோம். "அத்தான் எங்களைப் பாத்துத்தான் வாங்கினவர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சரியாக அந்த நேரம் அப்பாவுக்குத் தாகம் எடுக்கும். எழுந்து உள்ளே போய்விடுவார்.

உப்புக் காற்றில் இரண்டு வீட்டு மேல்மாடியின் வெளிப்பலகைகளும் இற்றுப்போயின. மாமா முந்திக்கொண்டார். பழையதைக் கழற்றிவிட்டுச் சீமெந்துப் பலகை அறைந்து, யன்னல்களைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் அடித்தார். கடற்கரை ரயிலில் போகும்போதுகூட அந்த யன்னல்கள் பளிச்சென்று தெரிந்தன. மச்சாள் அதைப் பள்ளிக்கூட வானில் ஒரு நாள் விடாமல் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் முறை வந்தது. சீமெந்துப் பலகைக்கு அப்பா சம்மதித்தார். யன்னல் சட்டத்துக்கு மட்டும் தேக்குத்தான் என்று நின்றார். அப்பா எதிலாவது பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

தச்சு பாஸ் சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு வழி சொன்னார். "மஹத்தயா, இது கடல் பக்கம். ஒரு மாசம் வெளியில அடிச்சுப் பாப்பம். எது நிக்குதோ அதைப் போடுவம்." தேக்கு, அலுமினியம், வெள்ளைப் பிளாஸ்டிக் என்று மூன்றிலும் ஒவ்வொரு முழத் துண்டு எடுத்து, கடல் பார்த்த பல்கனிச் சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் பார்த்தேன். தேக்கு அசையவில்லை. எண்ணெய் பூசியதில் இன்னும் அழகாக வேறு இருந்தது. பின்னேரங்களில் அம்மாவோடு கடற்கரைக்கு நடக்கப் போகும்போது என் தண்ணீர்ப் போத்தலில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தேன். கடலுக்கு நிற்குமா என்பதுதானே சோதனை, கடலையே கொண்டுவந்து ஊற்றுவதில் என்ன பிழை என்று நினைத்தேன். யாரும் பார்க்காத நேரம் தேக்குக்கு மட்டும் ஊற்றினேன்.

மாத முடிவில் தேக்குத் துண்டின் ஆணி துருப்பிடித்துக் கறுப்புக் கறுப்பாக வடிந்திருந்தது. மற்ற இரண்டின் ஆணிகளும் நன்றாகவே இருந்தன. பாஸ் தலையைச் சொறிந்தார். அப்பா மரத்தை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு எது விருப்பம்?"

"வெள்ளை."

"மச்சாளின்ர மாதிரியோ?"

"ஓம்."

அப்பா பாஸிடம் சிங்களத்தில் வெள்ளையே போடச் சொன்னார். எனக்கு அடி விழவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தெஹிவளையிலிருந்து வந்த உறவுக்காரரை மாமா ஒழுங்கைக்குக் கூட்டிவந்து இரண்டு வீட்டையும் காட்டினார். "அத்தான் எங்களைப் பாத்துத்தான் போட்டவர்." அப்பா தண்ணீர் குடிக்கப் போகப்போகிறார் என்று நான் திரும்பினேன். அவர் போகவில்லை. என் தலையில் கையை வைத்தபடி, "ஓம், உங்களைப் பாத்துத்தான்" என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அப்பா தேக்குக் கேட்டார் என்பதோ, அவருக்கும் என்னைப்போலவே வயிறு எரிந்திருக்கும் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. நான் மச்சாளைப் பார்த்து நாக்கை நீட்டினேன்.