மின்தடை நாளில் மாறிய கணினி

லினக்ஸ் கணினிக்கு ஒரு விதி உண்டு: படத்திரையா வெறும் எழுத்துத் திரையா, எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று ஒருமுறை அமைத்துவிட்டால், நிர்வாகக் கடவுச்சொல் தெரிந்தவர் மாற்றும்வரை அப்படியேதான் தொடங்கும். அரசு அலுவலகமொன்றில் கணினிப் பிரிவைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவன் நான். பேய் பிசாசு எல்லாம் பதிவேடு ஒழுங்காக எழுதாதவர்களின் சாக்கு என்றே இருந்தேன்.

சிவகாசியில் தங்கவேல் அண்ணாச்சியின் காலண்டர் அச்சகம். அங்கே அச்சுத் தகடு எடுக்கும் கணினி, படமும் பொத்தானுமாக வரவேண்டியது, காலையில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வந்து நின்றது. ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில். சீசன் நேரம், பழி அதை இயக்கும் ஜெயராணிமேல்.

"இன்னொரு தடவ இப்படி நின்னுச்சுன்னா வேற ஆளுதான்" என்றார் அண்ணாச்சி.

அவர் கூப்பிட்டதால் நான் போய்ப் படத்திரை நிலைக்கு மாற்றினேன், கடவுச்சொல்லையும் மாற்றினேன், மூன்று முறை அணைத்துத் தொடங்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. அறையைப் பூட்டிச் சாவியையும், எதற்கும் இருக்கட்டும் என்று விசைப்பலகையையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஊருக்கே மின்சாரம் இல்லை, அச்சகத்துக்கும் விடுமுறை.

அதற்கடுத்த காலை அண்ணாச்சி, ஜெயராணி, நான் மூவருமாகத் திறந்தோம். கறுப்புத் திரை.

கணினிக்கு இட்ட கட்டளைகள் நேரத்தோடு பதிவாகும் கோப்பைப் பார்த்தேன். மின்தடை நாள், பகல் இரண்டேகால். நம்பினால் நம்புங்கள், மூன்று வரி: இப்போதைய நிலை என்ன என்று கேட்டிருந்தது, மாற்றியிருந்தது, மாறிவிட்டதா என்று மறுபடி கேட்டிருந்தது. எத்தனை சுற்றறிக்கை விட்டும் என் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கடைப்பிடிக்காத ஒழுங்கு.

"கரண்டு இல்லாதப்ப எப்படி ஓடும்? கடிகாரத்தத் திருத்தி வச்சிருக்கா" என்றார் அண்ணாச்சி.

"சாவி சார்கிட்டத்தான இருந்துச்சு முதலாளி. சுவரு ஏறிக் குதிச்சு வர நான் என்ன பூனையா?" என்றாள் ஜெயராணி.

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் எழுத்துல குடுக்கட்டும். அதுவரைக்கும் வீட்ல இரு."

பதிவு முழுவதையும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஐந்து நினைவூட்டல். அதற்குள், அவள் இல்லாமலே கணினி இன்னும் இரண்டு முறை மாறியது, அப்போதும் அண்ணாச்சி அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஜெயராணி சாத்தூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள்.

ஒருவழியாகப் பதில் வந்தது. கடிகாரத்தில் யாரும் கைவைக்கவில்லையாம், மூன்று வரியும் அந்தக் கணினியில் செருகியிருந்த விசைப்பலகையில் தட்டப்பட்டவையாம். அந்த நேரத்தில் அது என் வீட்டு அலமாரியில் இருந்ததை அவர்களுக்கு நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் என்ன பதில் வரும் என்று தெரிந்துகொள்ளவும் ஆசை, அது வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார். "அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க சார்" என்றார்.

சீசன் முடிந்து காலண்டர் அச்சகத்தில் யாருக்கும் வேலை இல்லாத நாள் அது. ஜனவரி இரண்டாம் தேதி.